விளக்கைக் கொஞ்சம் தலைகுனிய வையுங்கள்: ஊர்ப் பஞ்சாயத்தாருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய ஊர்ப் பஞ்சாயத்தாருக்கும், வலைக்கூடத்துப் பெரியவர்களுக்கும், ஏலக்கூடத்து அக்காமார்களுக்கும் வணக்கம்.

மாதம் ஒரு முறை, நிலா இல்லாத சனிக்கிழமை ராத்திரியில், தொலைநோக்கியைத் தூக்கிக்கொண்டு உங்கள் மணலுக்கு வருகிறவர்களில் நானும் ஒருத்தி. கடலூரில் ஓர் அரசுப் பள்ளியில் கணக்கு சொல்லிக்கொடுக்கிறேன். உங்கள் பிள்ளைகளுக்கு நான் 'நட்சத்திர டீச்சர்'. ஊர்ப் பெயரை இந்த மடலில் எழுதவில்லை. எழுதினால் சனி, ஞாயிறு ஆனால் கார்க் கூட்டம் வந்துவிடும், வலை காயப்போட இடம் இருக்காது என்று நீங்கள் முன்பு சொன்னது நினைவிருக்கிறது. கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் ஒரு மீனவர் ஊர், அவ்வளவு போதும். நேரில் சொல்லாமல் பொதுவில் எழுதுவதற்கும் காரணம் உண்டு. உங்கள் ஊரில் போட்ட மாதிரி விளக்கு இந்தக் கரை நெடுக ஊர் ஊராக வந்துகொண்டிருக்கிறது. மற்ற ஊர்ப் பெரியவர்களும் படிக்கட்டும்.

போன தை மாதம் இறங்குதளத்துக்குப் பக்கத்தில் உயர்கோபுர விளக்கு ஏற்றினார்கள். அதற்காக நீங்கள் எத்தனை வருடம் மனு கொடுத்தீர்கள் என்று எனக்குத் தெரியும். ராத்திரி இரண்டு மணிக்குக் கரை ஏறும் படகை இருட்டில் தள்ளும்போது நங்கூரக் கம்பி காலில் ஏறி, ஆறு வாரம் கடலுக்குப் போக முடியாமல் கிடந்தவரை நானே வந்து பார்த்திருக்கிறேன். விடிவதற்கு முன் கூடையோடு வரும் அக்காமார்கள் செல்போன் வெளிச்சத்தில் மீன் பிரித்ததையும் பார்த்திருக்கிறேன். விளக்கு எரிந்த முதல் ராத்திரி பிள்ளைகள் அதன் கீழே கபடி ஆடினார்கள். அந்த விளக்கை எடுங்கள் என்று கேட்க எனக்கு வாய் வராது, கேட்கவும் இல்லை. அதன் முகத்தைக் கடலிலிருந்தும் வானத்திலிருந்தும் திருப்பி மணலைப் பார்க்கச் செய்யுங்கள், சில ராத்திரிகள் சில மணி நேரம் மட்டும் அணைத்து வையுங்கள் என்பதுதான் என் வேண்டுகோள்.

எதை இழந்தோம் என்பதை ஒரு பிள்ளையின் நோட்டிலிருந்து சொல்கிறேன். எட்டாம் வகுப்புப் படிக்கும் உங்கள் ஊர்ப் பெண் அவள். ஓரியன் என்ற விண்மீன் கூட்டத்தின் நாலு மூலை விண்மீன்களை எல்லையாக வைத்துக்கொண்டு, அந்தக் கட்டத்துக்குள் வெறுங்கண்ணுக்கு எத்தனை தெரிகிறது என்று மாதா மாதம் எண்ணிக் குறிப்பாள். கிழக்கு மூலையில் சிவப்பாகத் தெரிவது நம் திருவாதிரை. நடுவில் வரிசையாக மூன்று. அதற்குக் கீழே புகை மாதிரி ஒன்று, புதிய விண்மீன்கள் பிறந்துகொண்டிருக்கும் வாயு மேகம். மார்கழியில் அவள் போட்ட புள்ளிகள் அரைப் பக்கத்துக்கு நிறைந்திருந்தன. மாசியில் அவள் எண்ணியது இரண்டு கை விரல்களுக்குள் அடங்கிவிட்டது. 'டீச்சர், மத்ததெல்லாம் எங்க போச்சு?' என்று கேட்டாள். எங்கும் போகவில்லை, எல்லாம் அங்கேயேதான் இருக்கின்றன என்று சொன்னேன். சொல்லும்போது எனக்குத் தொண்டை அடைத்தது.

உங்கள் மணல் எங்களுக்கு ஏன் இவ்வளவு முக்கியம் என்று நீங்கள் கேட்கலாம். வடக்கே பார்த்தால் புதுச்சேரியின் வெளிச்சம் வானத்தில் ஏறி நிற்கிறது. தென்மேற்கில் கடலூர், அதற்கு அப்பால் நெய்வேலி. ஆனால் இந்தக் கரை லேசாகத் தென்மேற்காகச் சாய்ந்து போவதால், உங்கள் ஊரிலிருந்து நேர் தெற்கே பார்த்தால் தண்ணீர்தான். கிழக்கே கேட்கவே வேண்டாம், வங்கக்கடல் முழுக்க இருட்டு. நாம் இருப்பது 12 பாகை வட அட்சத்துக்குச் சற்றுக் குறைவான இடம். அதனால் வட துருவ விண்மீன் நமக்கு அடிவானத்துக்கு மேல் 12 பாகை உயரத்தில்தான் நிற்கும். அதற்கு ஈடாகத் தெற்கு வானம் நமக்குத் தாராளமாகத் திறந்திருக்கிறது. தில்லிக்காரர்கள் பார்க்கத் தவிக்கும் தென்சிலுவை உங்கள் கடலுக்கு மேல் நேராக எழுந்து நிற்கும். மார்கழி நடுராத்திரியில் அகத்திய விண்மீன் தெற்கே பளிச்சென்று இருக்கும். சித்திரை, வைகாசியில் ஒமேகா சென்டாரி என்ற விண்மீன் கொத்து 30 பாகை உயரத்துக்கு ஏறும். பல லட்சம் விண்மீன்கள் ஒரே பந்தாகத் திரண்ட அது, நல்ல இருட்டில் வெறுங்கண்ணுக்கே மங்கிய பஞ்சுத் துணுக்கு மாதிரி தெரியும். லண்டன், பாரீசு மாதிரி நகரங்களிலிருந்து எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய கருவி வைத்தாலும் அதைப் பார்க்க முடியாது. அங்கே அது அடிவானத்துக்கு மேல் வருவதே இல்லை. உங்கள் ஊர்த் திண்ணையிலிருந்து தெரிகிறது. தெரிந்துகொண்டிருந்தது.

நான் வானத்தைப் பார்க்கத் தொடங்கியதே ஒரு பெரும் நாசத்தின் நடுவில்தான். 2011 டிசம்பர் 30 காலையில் தானே புயல் நம் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரை ஏறியதை உங்களில் யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். படகுகள் ரோட்டில் கிடந்தன. பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. எங்கள் தெருவில் ஒரு கம்பம்கூட நிற்கவில்லை. இரண்டு வாரத்துக்கு மேல் மின்சாரம் இல்லை. நாலைந்து நாள் கழிந்த ஒரு ராத்திரி, தூக்கம் வராமல் மூன்று மணிவாக்கில் மொட்டை மாடிக்குப் போனேன். நிலா அதற்குள் மறைந்துவிட்டது. தெற்கே வெளுப்பாக ஒரு பட்டை வானத்தின் குறுக்கே ஓடியது. மழை மேகம் மறுபடி வருகிறதோ என்று பயந்துபோய்ப் பார்த்துக்கொண்டே நின்றேன். அது நகரவில்லை, கலையவும் இல்லை. அப்போது எனக்கு 28 வயது. கல்லூரியில் இயற்பியல் படித்தவள். பால்வீதியைப் பற்றிப் பரீட்சை எழுதி மதிப்பெண் வாங்கியவள். பிறந்து வளர்ந்த ஊரின் தலைக்கு மேலேயே அது இருக்கிறது என்று அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன். பக்கத்து வீட்டு மாமியை எழுப்பிக் கூட்டி வந்து காட்டினேன். அவருடைய வீட்டு ஓடெல்லாம் பறந்து போயிருந்தது. அவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, 'சின்னப் புள்ளையில எங்க ஊர்ல பார்த்தது, இப்பதான் திரும்பப் பார்க்கிறேன்' என்றார். மின்சாரம் வந்த அன்று எல்லோரையும் போல நானும் கை தட்டினேன். அன்று ராத்திரி மாடிக்குப் போனபோது அந்தப் பட்டை இல்லை.

அதற்கு அடுத்த ஜூன் மாதம், 2012 ஜூன் 6, வெள்ளிக் கோள் சூரியனைக் கடந்தது. கடலூர் வெள்ளிக் கடற்கரையில் விடியற்காலையிலேயே போய் நின்றோம். கடலிலிருந்து எழும்போதே சூரியன் முகத்தில் ஒரு கறுப்புப் பொட்டு. இருநோக்கியைச் சூரியன் பக்கம் திருப்பி வைத்து, வெள்ளை அட்டையில் பிம்பம் விழச் செய்து, வந்தவர் போனவர் எல்லோருக்கும் காட்டினோம். அடுத்த முறை இது நடப்பது 2117 டிசம்பரில்தான், அங்கே நின்ற கைக்குழந்தைக்குக்கூட இன்னொரு வாய்ப்பு இல்லை. அந்த அட்டையைப் பிடித்துக்கொண்டிருந்த ஐந்து பேர் சேர்ந்ததுதான் எங்கள் குழு. இப்போது பதினான்கு பேர் இருக்கிறோம். ஒருவர் எலக்ட்ரீஷியன், ஒருவர் தபால்காரர், ஒருவர் ரசாயன ஆலையில் ஷிப்ட் வேலை, இரண்டு பேர் கல்லூரி மாணவிகள். சந்தா மாதம் 50 ரூபாய்.

உங்கள் பிள்ளைகள் 'நட்சத்திரக் குழாய்' என்று சொல்லும் தொலைநோக்கியின் கண்ணாடி எங்கள் கையால் தேய்த்தது. 15 சென்டிமீட்டர் அகலக் கண்ணாடி வட்டை இன்னொரு வட்டின் மேல் வைத்து, நடுவில் கார்போரண்டம் பொடியும் தண்ணீரும் விட்டு, தள்ளி இழுத்து, சுற்றி நடந்து, மறுபடி தள்ளி இழுத்து, பொடியை நைசாக்கிக்கொண்டே போக வேண்டும். கடைசிப் பளபளப்புக்குக் கீல் தளத்தில் சீரியம் ஆக்சைடு. தலைமுடித் தடிமனை ஆயிரம் பங்காக்கினால் ஒரு பங்கு எவ்வளவோ அந்த அளவுக்கு மேல் மேடு பள்ளம் இருந்தால் சனியின் வளையம் வளையமாகத் தெரியாது. இரண்டு மாதம் ஆயிற்று. அதன் மேல் பூசிய அலுமினியத்தை உங்கள் உப்புக் காற்று அரிக்கிறது, அதனால்தான் பார்த்து முடித்ததும் அவசரமாக மூடுகிறோம். பிள்ளைகள் தொட வந்தால் அதட்டுவதும் அதனால்தான். கோபம் கிடையாது.

முதல் முறை உங்கள் ஊருக்கு வந்தது 2017 ஜூனில், மீன்பிடித் தடைக்காலம் முடிகிற சமயம். அந்த வருடம் சனியின் வளையம் அகலத் திறந்து இருந்தது. வலைக்கூடத்தில் ஊசியும் நூலுமாக உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் எழுந்து வந்து குனிந்து பார்த்தார். நிமிரவே இல்லை. பின்னால் வரிசையில் நின்ற பிள்ளைகள் 'தாத்தா, தாத்தா' என்று சட்டையைப் பிடித்து இழுத்தார்கள். கடைசியில் நிமிர்ந்து, 'இதை வெறும் வெள்ளின்னுதானே இத்தனை நாளு பார்த்தோம்' என்றார். வானத்தில் மின்னுவது எதுவானாலும் உங்களுக்கு 'வெள்ளி'தான். 2025 டிசம்பரில், மழை விட்ட ஒரு ராத்திரி, அதே பெரியவர் மறுபடி பார்த்தார். 'டீச்சர், வளையம் எங்க? ஊசி மாதிரி ஒரு கோடுதான் இருக்கு' என்று கேட்டார். எட்டு வருடத்துக்கு முன்னால் ஒரே ஒரு முறை பார்த்ததை அவ்வளவு துல்லியமாக மனதில் வைத்திருந்தார். சனியின் வளையம் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரைக்கும் இரண்டரை லட்சம் கிலோமீட்டருக்கு மேல். தடிமனோ பெரும்பாலான இடங்களில் சில பத்து மீட்டர்தான். சனி சூரியனைச் சுற்ற இருபத்தொன்பதரை வருடம் ஆகும், அதில் இரண்டு முறை வளையத்தின் விளிம்பு நம் பக்கம் திரும்பும். 2025 அப்படி ஒரு வருடம். ஒரு தாளை நேராகப் பார்ப்பதற்கும் அதன் ஓரத்தைப் பார்ப்பதற்கும் உள்ள வித்தியாசம் என்று சொன்னேன். அவர் கையிலிருந்த வலைத் துண்டை விரித்து, அப்புறம் ஓரமாகத் திருப்பி, பிள்ளைகளுக்குக் காட்டினார். என் பாடத்தைவிட அது நன்றாகப் புரிந்தது.

2018 ஜனவரி 31 தைப்பூச நாள். வடலூரில் ஜோதி பார்த்துவிட்டுத் திரும்பியவர்கள் சிலர் சாயங்காலம் கரையில் நின்றார்கள். கடலிலிருந்து நிலா எழும்போதே பாதிக்கு மேல் கடிபட்டு எழுந்தது. ஆறு இருபதுக்கெல்லாம் முழுவதும் மறைந்து செம்புத் தட்டு ஆனது. கிரகண நேரத்தில் வெளியே வரக் கூடாது என்று வீட்டுக்குள் இருந்த கர்ப்பிணிப் பெண் ஒருத்தி, கதவைக் கொஞ்சமாகத் திறந்து, அங்கிருந்தே பார்த்தாள். நாங்கள் யாரையும் வற்புறுத்தவில்லை. அந்தச் சிவப்பு பூமியின் காற்று வழியாக வளைந்து போன வெளிச்சம், அந்த நேரத்தில் உலகத்தில் எங்கெல்லாம் சூரியன் உதித்ததோ, எங்கெல்லாம் மறைந்ததோ, அத்தனையும் சேர்ந்து நிலா மேல் விழுகிறது என்று வாசலில் நின்று சொன்னேன். ஒரு மாதம் கழித்துப் பிறந்த பிள்ளைக்கு அவள் வைத்த பெயர் நிலா. இன்றைக்கு அந்த நிலா இரண்டாம் வகுப்பு.

நாங்கள் உங்களுக்குக் கற்றுக்கொடுக்க வருகிறோம் என்று எங்கள் குழுவில் சிலர் தொடக்கத்தில் நினைத்தார்கள். அது எவ்வளவு தப்பு என்பதை 2024 செப்டம்பர் கடைசியில் புரிந்துகொண்டோம். ஒரு வால்மீன் வருகிறது என்று செய்திகளில் படித்துவிட்டு, எந்த நாளில் போகலாம் என்று பேசிக்கொண்டிருந்தோம். விடியற்காலை நாலரை மணிக்கு எனக்கு ஒரு போன் வந்தது. கடலுக்குள்ளிருந்து, படகிலிருந்து. 'டீச்சர், கீழ்வானத்துல வால் முளைச்ச வெள்ளி நிக்குது. ரெண்டு நாளாப் பார்க்கிறோம். நீங்க இன்னும் பார்க்கலையா?' மறுநாள் ஓடி வந்தோம். கடல் விளிம்புக்குச் சற்று மேலே, தலை கீழே, வால் மேலே. வலை ஏற்றிக்கொண்டிருந்தவர்கள் வேலையை நிறுத்திவிட்டு இருநோக்கியை வாங்கிப் பார்த்தார்கள். ஆறாமீன் (கார்த்திகை விண்மீன் கூட்டம்) மேலே வந்தால் எந்தக் காற்று, விடிவெள்ளி எவ்வளவு ஏறினால் வலையை வாங்க வேண்டும் என்றெல்லாம் உங்கள் பெரியவர்கள் சொல்வதை அன்றிலிருந்துதான் நோட்டில் எழுத ஆரம்பித்தோம். இப்போதெல்லாம் கையில் ஜிபிஎஸ் இருக்கிறது. வெள்ளி பார்த்துக் காற்றும் நேரமும் சொல்லத் தெரிந்த கடைசித் தலைமுறை அந்த வலைக்கூடத்தில் உட்கார்ந்திருக்கிறது. 'இதோ பார், அதுதான்' என்று கை நீட்டிக் காட்ட வானத்தில் அந்த வெள்ளி தெரிய வேண்டும் அல்லவா?

மேகம் மூடிய ராத்திரிகளில் பிள்ளைகளை உட்கார வைத்துக் கதை சொல்வோம். அதில் அவர்கள் மறுபடி மறுபடி கேட்பது லெ ஜாந்தீ கதை. பிரான்சு நாட்டு வானியலாளர். 1761-ல் வெள்ளி சூரியனைக் கடப்பதைப் புதுச்சேரியிலிருந்து பார்ப்பதற்காகக் கப்பல் ஏறினார். பூமிக்கும் சூரியனுக்கும் எவ்வளவு தூரம் என்று அளக்க அன்றைக்கு உலகத்துக்கு அதைவிட நல்ல வழி இல்லை. அவர் வந்து சேர்வதற்குள் ஆங்கிலேயர் புதுச்சேரியைப் பிடித்துவிட்டார்கள், கப்பல் திரும்பிவிட்டது. அந்த நாளில் அவர் நடுக்கடலில் இருந்தார். வானம் தெளிவாக இருந்தும், ஆடும் கப்பலில் ஊசல் கடிகாரம் வைத்து அளக்க முடியவில்லை. அடுத்தது எட்டு வருடம் கழித்து 1769-ல். ஊருக்குப் போகாமல் இந்தப் பக்கமே தங்கிவிட்டார். 1768-ல் புதுச்சேரிக்கு வந்து, இடிந்து கிடந்த கோட்டையின் மேலேயே பார்க்கும் மேடை கட்டிக்கொண்டார். மே மாதம் பூராவும் காலை வானம் தெளிவு. ஜூன் 4 விடியற்காலையில் மட்டும் மேகம் வந்து மூடியது. கடப்பு முடிந்த பிறகு சூரியன் வெளியே வந்து அன்றைக்கு முழுக்கக் காய்ந்தது. பாரீசுக்குத் திரும்பியபோது அவர் செத்துவிட்டார் என்று முடிவு கட்டி, சொந்தக்காரர்கள் சொத்தைப் பங்கு போட்டுக்கொண்டிருந்தார்கள். இந்த இடம் வந்ததும் பிள்ளைகள் ஒவ்வொரு முறையும் 'ஐயோ பாவம்' என்பார்கள். அப்புறம் ஒருவன் மேலே பார்த்து, 'டீச்சர், மேகம் விலகுது' என்பான்.

அந்தக் கதைக்கு ஒரு தொடர்ச்சி இருக்கிறது, அதுதான் எனக்கு அதிகம் பிடித்தது. புதுச்சேரியில் காத்திருந்த காலத்தில் லெ ஜாந்தீ இங்கிருந்த தமிழர்களிடம் கிரகணக் கணக்கு கற்றுக்கொண்டார். சோழிகளைத் தரையில் பரப்பி, மனப்பாடமாக வைத்திருந்த வாய்பாடுகளைச் சொல்லிக்கொண்டே கணக்குப் போடுவார்கள். பல வருடம் கழித்து ஜான் வாரன் என்பவரும் இதே புதுச்சேரியில் ஒரு பஞ்சாங்கக்காரர், ஓர் எண்ணைக்கூட எழுதாமல், சோழியை நகர்த்தியே 1825-ல் வரவிருந்த சந்திர கிரகணத்தைக் கணித்ததைப் பதிவு செய்திருக்கிறார். உங்கள் பிள்ளைகள் கரையில் கிளிஞ்சல் பொறுக்கி வந்து, நாங்கள் சொல்லிக்கொடுத்த வரைக்கும் அமாவாசை கணக்குப் போட்டுப் பார்க்கிறார்கள். கணக்குப் பாடம் என்றாலே ஓடுகிற பையன் ஒருவன் அதில் மணிக்கணக்காக உட்காருகிறான்.

சரி, விளக்குக்கு வருகிறேன். கோபுரத்தில் எட்டு விளக்குகள். எங்கள் எலக்ட்ரீஷியன் கீழே நின்று பார்த்துச் சொன்னது இது. எட்டுமே வெளிப்பக்கமாகச் சாய்த்து மாட்டப்பட்டிருக்கின்றன. மூன்று நேராகக் கடலைப் பார்க்கின்றன. மணலில் விழ வேண்டிய வெளிச்சத்தில் நிறையப் பங்கு கடல் மேலும் வானத்திலும் போகிறது. நீலம் கலந்த வெள்ளை எல்இடி என்பதால் அது காற்றில் அதிகமாகச் சிதறுகிறது. பகல் வானம் எந்தக் காரணத்தால் நீலமோ, அதே காரணம். மஞ்சள் கலந்த வெளிச்சம் அந்த அளவுக்குச் சிதறாது. முகத்தைக் கிடைமட்டமாகத் தரைக்குத் திருப்பி, சுற்றிலும் தகர மூடி போட்டால் அதே மின்சாரத்தில் இறங்குதளம் இன்னும் நன்றாகத் தெரியும்.

இதை எங்களுக்காக மட்டும் கேட்கவில்லை. மாசி மாதம் உங்கள் படகுக்காரர் ஒருவர் என்னிடம் சொன்ன வார்த்தை இது: 'கரை தெரியுது டீச்சர், அலை தெரியல.' கடலிலிருந்து வரும்போது விளக்கு நேராகக் கண்ணில் அடிக்கிறது. இருட்டுக்குப் பழகிய கண் ஒரு நொடியில் சுருங்கிவிடுகிறது. அலை எங்கே உடைகிறது, எந்த இடைவெளியில் படகை உள்ளே விட வேண்டும் என்பது அந்தக் கூச்சத்தில் மறைகிறது. கண் மறுபடி இருட்டுக்குப் பழக இருபது, முப்பது நிமிடம் ஆகும். தொலைநோக்கிக்குப் பக்கத்தில் செல்போனை எடுத்தால் நாங்கள் சத்தம் போடுவதும், டார்ச்சில் சிவப்புத் தாள் சுற்றி வைத்திருப்பதும் இதற்காகத்தான். படகோட்டிக்கும் வானம் பார்ப்பவருக்கும் வேண்டியது ஒரே கண்தான்.

அப்புறம் பங்குனி ஆமைகள். இந்த வருடமும் உங்கள் மணலில் வந்து முட்டை போட்டன. குஞ்சு வெளியே வந்தால் எந்தப் பக்கம் வெளுப்பாக இருக்கிறதோ அந்தப் பக்கம்தான் ஓடும். காலம் காலமாக அந்த வெளுப்பு கடலின் பக்கம் இருந்தது. போன மாதம் ஒரு ராத்திரி, எங்கள் மாணவிகளும் உங்கள் பையன்களும் சேர்ந்து, விளக்குக் கம்பத்தடியில் சுற்றிக்கொண்டிருந்த குஞ்சுகளை வாளியில் எடுத்துத் தண்ணீர் ஓரத்தில் விட்டார்கள். நாய்கள் அதற்குள் சிலதை முடித்துவிட்டன. அந்தக் காட்சியைப் பார்த்த பையன்கள்தான் முதலில் என்னிடம் 'விளக்கைத் திருப்பச் சொல்லுங்க டீச்சர்' என்றவர்கள்.

இப்போது நாங்கள் கேட்பது. மூடி செய்யும் செலவு எங்களுடையது. தகரப் பட்டறையில் விலை கேட்டுவிட்டோம், குழுவின் சேமிப்பில் முடியும். விளக்கு வளையத்தைக் கம்பி வடத்தில் கீழே இறக்க முடிகிற கோபுரம் அது. பராமரிப்புக்கு வரும்போது சாய்வை மாற்றி மூடியும் போட்டுவிடலாம். ஆனால் அதற்கு அனுமதி கேட்டுப் போகிற மனுவில் எங்கள் கையெழுத்து மட்டும் இருந்தால் போதாது. ஊரின் கையெழுத்து வேண்டும். விளக்கு கேட்டதே ஊர்தான்.

அது நடக்கும் வரைக்கும் ஒரு சின்ன உதவி. தடைக்காலம் ஏப்ரல் 15-ல் தொடங்கி ஜூன் 14 வரைக்கும். உங்கள் பைபர் படகுகள் அப்போதும் போகும் என்று தெரியும், விசைப்படகுகளுக்குத்தான் தடை. ஆனாலும் இறங்குதளத்தில் அந்த நாட்களில் நெரிசல் குறைவு என்று நீங்களே சொல்லியிருக்கிறீர்கள். ஏப்ரல் 17 அமாவாசை, மறுநாள் சனிக்கிழமை. அடுத்த அமாவாசை மே 16, அதுவே சனிக்கிழமை. இந்த இரண்டு சனிக்கிழமைகளிலும் ராத்திரி ஒன்பதரை முதல் பன்னிரண்டு வரைக்கும் விளக்கை அணைத்து வையுங்கள். எங்களில் ஒருவர் சுவிட்சுப் பெட்டிக்குப் பக்கத்திலேயே இருப்பார். படகு வருகிறது என்று போன் வந்த உடனே போட்டுவிடுவோம். ஏலக்கூடத்து விளக்கு, தெரு விளக்கு எதையும் தொட வேண்டாம். ஏப்ரலில் தென்சிலுவை பதினோரு மணிவாக்கில் நிமிரும், மே மாதம் ஒன்பது மணிக்கே நிமிர்ந்துவிடும். அதற்கு ஒரு மணி நேரம் கழித்து ஒமேகா சென்டாரி உச்சியில் நிற்கும். ஜூன் 9 ஒட்டி மேற்கே வெள்ளியும் வியாழனும் பக்கத்தில் பக்கத்தில் வரும். அதற்கு விளக்கை அணைக்கவும் வேண்டாம், எல்லோரும் அப்படியே பார்க்கலாம்.

எங்கள் பக்கமிருந்து ஒன்று. எங்களிடம் இரண்டாவது தொலைநோக்கி ஒன்று தயாராகிக்கொண்டிருக்கிறது. அதே 15 சென்டிமீட்டர். அதை உங்கள் வலைக்கூடத்திலேயே வைக்க விரும்புகிறோம். சாவி ஊரிடம் இருக்கட்டும். எட்டாம் வகுப்புப் பெண்ணுக்கும் கிளிஞ்சல் கணக்குப் பையனுக்கும் அதைக் கழற்றி மாட்டவும் துடைக்கவும் சொல்லிக்கொடுத்துவிட்டோம். மாதம் ஒரு முறை நாங்கள் வருவதற்காக அவர்கள் காத்திருக்க வேண்டியதில்லை.

வருகிற ஞாயிற்றுக்கிழமை ஊர்க் கூட்டம் என்று கேள்விப்பட்டேன். மற்ற விஷயங்களெல்லாம் பேசி முடிந்த பிறகு எங்களுக்குப் பத்து நிமிடம் கொடுங்கள். மூடியின் மாதிரி ஒன்றை எலக்ட்ரீஷியன் தம்பி கொண்டு வருவார். அந்தப் பெண்ணின் நோட்டை நான் கொண்டு வருகிறேன்.

அன்புடனும் மரியாதையுடனும்,
உங்கள் நட்சத்திர டீச்சர்